வேலூர்ப் பக்கத்திலிருந்து லாஜிஸ்டிக்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கு

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் கிளம்பியது. 50 வேகன்கள். உள்ளே சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்த சென்னைக்காரர்களுக்காக அது போனது. அப்போது ஜோலார்பேட்டை வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது அதற்குப் பிறகு. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பெருமை கொஞ்சம், வயிற்றெரிச்சல் கொஞ்சம்.

டிவியில் திரும்பத் திரும்ப ரயிலைத்தான் காட்டினார்கள். ஆனால் ரயில் ஓடியது சில மணி நேரம். அதற்கு முன்னால், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரை ஸ்டேஷன் வரை கொண்டுவரக் குழாய் போட வேண்டியிருந்தது. வேகன் வேகனாக நிரப்ப வேண்டியிருந்தது. வில்லிவாக்கத்தில் இறக்கி, அங்கிருந்து கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு பம்ப் செய்ய வேண்டியிருந்தது. பிறகு காலி வேகன்கள் திரும்பி வந்தால்தான் அடுத்த லோடு. ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்கலாம் என்பது ரயிலின் வேகத்தைவிட நிரப்புகிற, இறக்குகிற நேரத்தைத்தான் பெரிதும் நம்பியிருந்தது.

லாஜிஸ்டிக்ஸ் என்ன படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த ரயிலைத்தான் சொல்வேன். சரக்கு ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் பெரும்பாலும் அதிகம். எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, நிற்பதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்துகொள்வதே இந்தப் படிப்பு. சப்ளை செயின் என்பது இன்னும் கொஞ்சம் பெரிய வட்டம்: எவ்வளவு வாங்குவது, யாரிடம் வாங்குவது, எப்போது தயாரிப்பது, விற்காமல் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதற்குள் வரும்.

நான் ஷூ ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்பிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்து நேராக இங்கே வந்தவன். இந்தத் துறைக்கென்று தனிப் பட்டம் இருப்பதே பின்னால்தான் தெரிந்தது. வருடா வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நாலைந்து பேராவது வந்து நிற்பார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் படி: விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு நாள் சுற்றுங்கள்

கல்லூரி விளம்பரத்தில் கன்டெய்னர் கப்பல், விமானம், டை கட்டிய பையன் எல்லாம் இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விடிகாலை நாலு, ஐந்து மணிக்கு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய் நில்லுங்கள். லோடு எப்போது வந்தது, எத்தனை பேர் இறக்குகிறார்கள், இறக்கிய மூட்டை எங்கே போகிறது, தக்காளிக்கூடை ஏன் வெங்காய மூட்டையைவிட வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். பத்து மணிக்கு ஏதாவது ஒரு லாரி ஆபீஸ் வாசலில் டீ குடியுங்கள். "இன்னாப்பா, பில்லு கீதா?" என்ற கேள்வி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை காதில் விழும். இந்தத் துறையின் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது.

சாயங்காலம் வாலாஜா டோல்கேட் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். எதிரே வருகிற, கூடப் போகிற லாரிகளை எண்ணுங்கள்: எத்தனை கன்டெய்னர், எத்தனை டேங்கர், எத்தனை காலி. காலியாகத் திரும்புகிற லாரி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு நஷ்டம்.

இதெல்லாம் உங்களுக்கு சுவாரசியமாக இருந்ததா, வெயிலும் தூசியும் எரிச்சலைத்தான் கொடுத்ததா? உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். முழு நேரமும் ஏ.சி. அறை வேண்டும் என்பவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு, ஆனால் முதல் இரண்டு வருடத்தில் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது படி: எந்தப் பட்டம்

பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பொதுவாக மூன்று வாசல்கள்.

பி.காம். அல்லது பி.பி.ஏ.வில் லாஜிஸ்டிக்ஸ் என்று வருவது முதல் வாசல். எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் பெரும்பாலும் சேரலாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள கலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சேர்க்காட்டில் இருக்கிற திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. எந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு இந்தப் பாடப்பிரிவு இருக்கிறது என்பதை பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் கல்லூரி அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். வாட்ஸப்பில் வருகிற பட்டியலை நம்ப வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே இணைய விண்ணப்பம். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டியே திறந்து சீக்கிரம் மூடிவிடும்.

இந்த வாசலிலேயே இன்னொரு வகை இருக்கிறது: பட்டத்துக்குள்ளேயே சில பருவங்கள் கம்பெனியில் பழகுநராக வேலை பார்த்து, உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு, அதற்கே மதிப்பெண்ணும் பெறுவது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் பல கல்லூரிகளோடு சேர்ந்து இதை நடத்துகிறது. கிடைத்தால் விடாதீர்கள். என் கணக்கில், பெரிய பெயருள்ள கல்லூரியில் வெறும் வகுப்பறைப் படிப்பைவிடச் சின்னக் கல்லூரியில் இந்தப் பழகுநர் படிப்பு மேல்.

இரண்டாவது வாசல் இன்ஜினியரிங். லாஜிஸ்டிக்ஸ் என்ற பெயரே இருக்காது. மெக்கானிக்கல் அல்லது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எடுத்து, ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (கணக்குப் போட்டு முடிவெடுப்பது), இன்வென்டரி (சரக்குக் கையிருப்பு) போன்ற பாடங்கள் வழியாக உள்ளே வருவது. கிண்டி பொறியியல் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்குக்குத் தனித் துறையே உண்டு. கணக்கு பிடிக்கும் என்றால் இந்த வழி நல்லது. பிடிக்காதென்றால் நான்கு வருடம் வீண்.

மூன்றாவது, இதற்கென்றே இருக்கிற பல்கலைக்கழகங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் இருக்கிறது. 2008இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். லாஜிஸ்டிக்ஸ் சார்ந்த பி.பி.ஏ.வும், துறைமுகம், கப்பல் போக்குவரத்து மேலாண்மை சார்ந்த எம்.பி.ஏ.வும் அங்கே உண்டு. வடோதராவில் இருக்கிற கதி சக்தி விஸ்வவித்யாலயா ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவது. 2022இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. தூரம் அதிகம், ஆனால் பெயரையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

எம்.பி.ஏ.வைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட் நுழைவுத் தேர்வு, ஐ.ஐ.எம்.களுக்கு கேட் (CAT) நுழைவுத் தேர்வு. மும்பையில் நைட்டி என்ற பெயரில் இருந்து 2023இல் ஐ.ஐ.எம். மும்பையாக மாறிய நிறுவனத்துக்கு இந்தத் துறையில் நல்ல பெயர் உண்டு. இளநிலையில் லாஜிஸ்டிக்ஸ் படித்துவிட்டு, ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் எம்.பி.ஏ.விலும் லாஜிஸ்டிக்ஸ் எடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே பாடத்தைக் கொஞ்சம் தடித்த புத்தகத்தில் இரண்டாம் தடவை படிப்பீர்கள். இடையில் இரண்டு வருடம் வேலை பாருங்கள். அப்புறம் போனால் வகுப்பில் நீங்கள் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது படி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கல்லூரிக்கு அப்பா அம்மாவோடு போங்கள். போகும்போது இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

- பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும்? பேனரில் "லாஜிஸ்டிக்ஸ்" என்று போட்டுவிட்டு, சான்றிதழில் வெறும் பி.காம். என்று வருவதும் நடக்கிறது. வெறும் பி.காம். மோசமில்லை, ஆனால் கூடுதல் கட்டணம் எதற்கு?
- பாடம் எடுப்பவர்களில் குடோனிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்தவர் ஒருவராவது உண்டா?
- பயிற்சிக்குப் போன வருடம் எங்கே அனுப்பினீர்கள்? கம்பெனிப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். "டாப் கம்பெனிகள்" என்ற பதில் பதிலே இல்லை.
- பி.பி.ஏ. என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி உண்டா? 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளையும் அந்த அமைப்பு தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் போய், அந்தக் கல்லூரி அலுவலகத்தில் "உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று கடிந்துகொண்டார்கள். எழுந்து வந்துவிட்டான். சரியாகத்தான் செய்தான்.

செலவு விஷயம்: அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்தவுடனே கல்லூரியில் பதிவு செய்துவிடுங்கள்.

நான்காவது படி: வகுப்பறையில் என்ன வரும், எங்கே சறுக்கும்

சறுக்குகிற இடம் கணக்கு. பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் தப்பிக்க முடியாது. ஒன்று செய்து பார்க்கலாம்.

மண்டியில் ஓர் அரிசிக் கடை. வருடத்துக்கு 3,600 மூட்டை விற்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆர்டர் போட்டு இறக்க ஆகிற செலவு, அது எத்தனை மூட்டையானாலும், 500 ரூபாய் என்று வையுங்கள். ஒரு மூட்டையை ஒரு வருடம் குடோனில் வைத்திருக்க வட்டி, வாடகை, எலி எல்லாம் சேர்த்து 40 ரூபாய். ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை வாங்கினால் மொத்தச் செலவு குறையும்? இதற்கு 1913இலேயே ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் சூத்திரம் சொல்லிவிட்டார். வருடத் தேவையை ஆர்டர் செலவால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 36 லட்சத்தை 40ஆல் வகுத்தால் 90,000. வர்க்கமூலம் 300. மாதம் ஒரு தடவை 300 மூட்டை.

பரீட்சைக்கு இதோடு போதும். கடைக்குப் போதாது. 25 கிலோ மூட்டை என்றால் 300 மூட்டை ஏழரை டன். வருகிற லாரி 10 டன் வண்டி. வாடகை அரை வண்டிக்கும் அதேதான் என்பார் டிரைவர். சரி, 400 மூட்டையாக வாங்கினால் எவ்வளவு நஷ்டம்? 300 வாங்கினால் வருடச் செலவு 12,000 ரூபாய். 400 வாங்கினால் 12,500. வருடம் முழுவதற்கும் வித்தியாசம் 500 ரூபாய்தான்! முதலாளி சூத்திரமே தெரியாமல் முழு வண்டி போடுவதில் தப்பில்லை என்று இப்போது உங்களுக்குக் கணக்கோடு தெரியும். சூத்திரம் கொடுக்கிற விடையைவிட, அந்த விடையைச் சுற்றி எவ்வளவு தூரம் விலகினால் வலிக்காது என்பதுதான் வேலையில் உதவும். இதைச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் கிடைத்தால் முன் பெஞ்சில் உட்காருங்கள்.

இன்னொன்று. ஆம்பூரில் ஷூ அடுக்குகிற அட்டைப்பெட்டி 60 செ.மீ. நீளம், 40 அகலம், 35 உயரம் என்று வைத்துக்கொள்வோம். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 590 நீளம், 235 அகலம், 239 உயரம். கன அளவை வகுத்துப் பார்த்தால் 390க்கு மேல் பெட்டி பிடிக்கும் போல வரும். ஏற்றிப் பாருங்கள்: உயரத்தில் 6 அடுக்கு. எல்லாப் பெட்டியையும் நீளவாக்கில் வைத்தால் ஒரு அடுக்குக்கு 9 பெருக்கல் 5, அதாவது 45. மொத்தம் 270. அதற்கு மேல் ஏறவில்லை என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆனால் மூன்று வரிசையைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் வரிசைக்கு 14 வீதம் 42. மீதி இடுக்கில் நீளவாக்கில் ஒரு வரிசை, 9. அடுக்குக்கு 51, மொத்தம் 306. அதே கன்டெய்னர், அதே வாடகை, 36 பெட்டி அதிகம். எங்கள் கம்பெனியில் இதை எனக்குக் காட்டியவர் எட்டாவது வரை படித்த லோடிங் மேஸ்திரி. சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினார்.

பாடத்தில் டிமாண்ட் ஃபோர்காஸ்டிங் (எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிக் கணிப்பது), கொள்முதல், கிடங்கு மேலாண்மை, சரக்குக் கட்டணம், ஏற்றுமதி இறக்குமதி நடைமுறை எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் பொதுவான கருவி எக்ஸெல். பிவட் டேபிளும் லுக்கப் சூத்திரங்களும் தூக்கத்தில் எழுப்பினாலும் போட வர வேண்டும். சாப் போன்ற பெரிய மென்பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டி முதல் வருடமே கோர்ஸ் சேராதீர்கள். சேருகிற கம்பெனியில் அவர்களுக்கு வேண்டியதை அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். ஆங்கிலம் பற்றிக் கேட்கிறார்கள்: கவிதை எழுத வேண்டாம். "சரக்கு ஏன் தாமதம், எப்போது வரும், அதுவரை நாங்கள் என்ன செய்கிறோம்" என்று மூன்று வரியில் தெளிவாக ஒரு மெயில் எழுத வந்தால் போதும். தினமும் ஒன்று எழுதிப் பழகுங்கள்.

ஐந்தாவது படி: காகிதம்

புத்தகத்தில் இதற்கு ஒரு பாடம்தான் ஒதுக்கியிருப்பார்கள். வேலையில் பாதி நாள் இதுதான்.

லாரியில் போகிற சரக்குக்கு ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போடுகிற இ-வே பில்லிலிருந்து தொடங்குங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் வரம்பு 1 லட்சம். சாதாரண லாரிக்கு 200 கி.மீ. தூரத்துக்கு ஒரு நாள் செல்லுபடி; அந்த முதல் நாள் என்பது பில் போட்டதற்கு மறுநாள் நள்ளிரவு வரைக்கும். வண்டி வழியில் கெட்டுப்போனால் காலக்கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்கலாம். வண்டியை மாற்றினால் புது வண்டி எண்ணை ஏற்ற வேண்டும். இந்த நாலு விஷயம் சரியாகத் தெரிந்த கல்லூரிப் பிள்ளையை எந்த லாரி ஆபீஸிலும் உட்கார வைப்பார்கள்.

ஏற்றுமதிக்கு வந்தால் இன்வாய்ஸ் (விலைப் பட்டியல்), பேக்கிங் லிஸ்ட் (எந்தப் பெட்டியில் என்ன என்ற பட்டியல்), ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுப்பது), பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி கொடுப்பது). இவற்றில் ஒரே எடை, ஒரே பெட்டி எண்ணிக்கை, ஒரே பெயர் எழுத்து மாறாமல் வர வேண்டும். பொருளுக்கு எச்.எஸ். எண் என்று சுங்கத்தில் வகை பிரிக்கிற எண் உண்டு: தோல் மேல்பாகம் உள்ள ஷூ 6403, ஷூவின் மேல்பாகம் (அப்பர்) மட்டும் என்றால் 6406. நம் பாலாற்றங்கரையில் இரண்டும் தயாராகிறது. இரண்டையும் குழப்பினால் சுங்கத்தில் திரும்பி வரும். விலை நிபந்தனைகளுக்கு இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். 2020 பதிப்பில் 11 உண்டு. எஃப்.ஓ.பி. சென்னை என்றால் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு நம்முடையது. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. (வாங்குபவர் சொல்கிற போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைக்கும் வரைதான் பொறுப்பு) பொருத்தம் என்று விதியை எழுதியவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் பழக்க தோஷத்தில் எஃப்.ஓ.பி.தான் ஓடுகிறது. பரீட்சையில் எஃப்.சி.ஏ. என்று எழுதுங்கள், வேலையில் எஃப்.ஓ.பி.யையும் தெரிந்துவையுங்கள்.

என் கதை ஒன்று. 2016 ஜூலை 1 முதல், ஏற்றப்பட்ட கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்று உலகம் முழுக்க விதி வந்தது. வி.ஜி.எம். என்பார்கள். அப்போது நான் வேலைக்குப் புதிது. பெட்டிகளின் எடையைப் பைசா சுத்தமாகக் கூட்டிப் போட்டேன். காலி கன்டெய்னரின் எடையைச் சேர்க்க மறந்துவிட்டேன். அது மட்டுமே 2 டன்னுக்கு மேல் வரும். எடை பொருந்தவில்லை என்று கன்டெய்னர் நின்றுவிட்டது. திருத்தி அனுப்புவதற்குள் நேரம் முடிந்து கப்பல் போய்விட்டது. ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்கு நின்ற வாடகை, வாங்குபவரிடம் மன்னிப்புக் கடிதம், மேனேஜரின் முகம். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் சொல்லவில்லை. கன்டெய்னர் கதவில் எழுதியிருக்கிற காலி எடையைப் போட்டோ எடுத்துவைப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

ஆறாவது படி: பயிற்சியை நீங்களே தேடுங்கள்

கல்லூரி ஏற்பாடு செய்யும் என்று உட்கார்ந்திருந்தால் கடைசியில் யாரோ கையெழுத்துப் போட்ட சான்றிதழ்தான் மிஞ்சும். நம் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது பாவம். ராணிப்பேட்டையில் சிப்காட், பெல். மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முழுக்கத் தோலும் ஷூவும். குடியாத்தத்தில் தீப்பெட்டியும் கைலியும். ஒவ்வொன்றுக்கும் சரக்கு வருகிறது, நிற்கிறது, போகிறது.

எங்கே கேட்பது? பெரிய கம்பெனி எச்.ஆர்.க்கு மெயில் போட்டுக் காத்திருப்பதைவிட, நடுத்தரக் கம்பெனியின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரையோ ஷிப்பிங் பிரிவில் இருப்பவரையோ நேரில் பாருங்கள். மாதக் கடைசி வாரத்தில் போகாதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் யாரும் தலைநிமிர மாட்டார்கள். மாதத்தின் முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. "சார், ஒரு மாசம் சம்பளம் வேண்டாம், ஸ்டாக் எண்ணி எக்ஸெல்லில் போட்டுத் தர்றேன்" என்று ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிக் கேளுங்கள். "இன்டர்ன்ஷிப் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் அவருக்கு உங்களை எங்கே உட்கார வைப்பதென்றே தெரியாது.

எண்ணப் போனால் ஒன்று கண்ணில் படும்: கம்ப்யூட்டரில் இருக்கிற கணக்கும் அலமாரியில் இருக்கிற சரக்கும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பொருளை எடுத்துக் கடைசி வரை துரத்துங்கள். பில் போடாமல் அவசரத்துக்கு எடுத்தார்களா, ஒரே சாமானுக்கு இரண்டு பெயரா, கிழிந்ததைக் கழிக்கவில்லையா? உங்கள் புராஜெக்ட் அறிக்கைக்கு அதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

தோல் வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அது குற்றமில்லை. வேலூர் ஆஸ்பத்திரி ஊர். மருத்துவமனை ஸ்டோர்ஸும் சப்ளை செயின்தான், அதுவும் கடுமையான வகை. பல தடுப்பூசிகளும் திறக்காத இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். முதலில் வந்ததை முதலில் கொடு என்ற பழைய விதி அங்கே போதாது. முதலில் காலாவதியாவதை முதலில் கொடுக்க வேண்டும். ரத்தத் தட்டணுக்களுக்கு ஆயுளே ஏறத்தாழ 5 நாள். அளவுக்கு மேல் வைத்தால் வீண், குறைந்தால் ஒரு உயிர். அரிசிக்கடைக் கணக்கு இங்கே எப்படி மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் "குடோன், லாரி என்கிறார்களே" என்று தயங்குவதைப் பார்க்கிறேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்கள்தான். எங்கள் ஷிப்பிங் பிரிவிலும் டாக்குமென்டேஷன் பார்க்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ராத்திரி ஷிஃப்ட் உண்டா, போய்வர வண்டி உண்டா என்பது நியாயமான கேள்வி, அதை நேரடியாகக் கேளுங்கள். படிப்பையே வேண்டாம் என்று சொல்ல அது காரணமாகாது.

ஏழாவது படி: பட்டம் கையில் வந்த பிறகு

முதல் வேலை பெரும்பாலும் எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரில் வரும். வேலை என்னவோ பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, வண்டி தேடுவது. முதல் சம்பளம் வீட்டில் எதிர்பார்க்கிற அளவுக்கு இருக்காது. ஐ.டி. கம்பெனிக்குப் போன சித்தப்பா பையனோடு ஒப்பிட்டு ஆரம்பித்துவிடுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊரிலேயே இருப்பதா, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போவதா என்று கேட்டால், முதல் வேலைக்கு நான் வெளியே போகத்தான் சொல்வேன். கார் கம்பெனிக்கு உதிரிபாகம் சப்ளை செய்கிற குடோனில் மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு பார்ப்பார்கள். அந்த வேகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நம் ஊருக்குத் திரும்பி வந்தால் மரியாதையே தனி.

ஏற்றுமதி இறக்குமதிப் பக்கம் போகிறவர்களுக்குப் பட்டத்துக்கு மேல் ஒரு படிக்கட்டு இருக்கிறது. மற்றவர்களுக்காகச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கிற சுங்கத் தரகர் நிறுவனங்களில் உதவியாளராகச் சேர்ந்தால் எச் கார்டு என்ற அடையாள அட்டை. தேர்வு எழுதித் தேறினால் ஜி கார்டு. சுங்க ஆவணங்களில் கையெழுத்துப் போடும் தகுதி வரும். அதற்கும் மேலே உரிமத்துக்கான தேர்வு; எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு, அதில் தேறியவருக்கு எஃப் கார்டு. சுலபமில்லை, பல பேர் பல தடவை எழுதுகிறார்கள். ஆனால் ஜி கார்டு வைத்திருப்பவர் வேலை தேடி அலைந்து நான் பார்த்ததில்லை.

தினமும் செய்தி படியுங்கள், அதுவும் உங்கள் சரக்கோடு சேர்த்துப் படியுங்கள். 2023 கடைசியில் ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தபோது, ஐரோப்பா போகிற கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் கூடியது. ஆம்பூரிலிருந்து குளிர்காலத்துக்குப் போக வேண்டிய பூட்ஸ் பத்து நாள் தள்ளிப் போனால் கடையில் அதற்கு இருக்கிற விலை வேறு. செய்தி வந்த அன்று எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், வாணியம்பாடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள், யாரும் கேட்காமலே ஒரு பட்டியல் போட்டு வைத்தாள்: எந்த ஆர்டர் எந்தக் கப்பலில் இருக்கிறது, எது இன்னும் கிளம்பவில்லை, எதை விமானத்தில் அனுப்பினால் கட்டுபடியாகும். மறுநாள் காலை மேனேஜர் கூட்டம் போட்டபோது எல்லோரும் அவள் மேஜைக்குத்தான் போனார்கள்.